மருத்துவமனையோடு சேர்ந்த நர்சிங் பள்ளி: சேருமுன் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் என் கைப்பேசி ஓயாது. பதினெட்டு ஆண்டு வார்டில் நர்ஸாகவும், ஆறு ஆண்டு நர்சிங் பள்ளியில் பாடம் சொல்லித்தரும் டியூட்டராகவும் கழித்தவள் நான். அதனால் சித்தி பேத்தி, எதிர்வீட்டுக்காரரின் தங்கை மகள், காய்கறிக்கார அம்மாவின் பேத்தி என்று எல்லோருக்காகவும் ஒரே கேள்வி என்னிடம் வந்து சேரும். "ஆஸ்பத்திரிக்குள்ளேயே நர்சிங் ஸ்கூல் நடத்துகிறார்களாம், முடித்ததும் அங்கேயே வேலையாம். சேர்த்துவிடலாமா சிஸ்டர்?" சிலரிடம் சேருங்கள் என்றிருக்கிறேன், சிலரிடம் வேண்டாம் என்றிருக்கிறேன். எதைப் பார்த்து அப்படிச் சொன்னேன் என்பதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் எந்தப் படிப்பு என்று தெளிவாகுங்கள்

ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, கிராம சுகாதாரப் பணிக்கானது. ஜி.என்.எம். மூன்று ஆண்டு டிப்ளமோ. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் பட்டம், இப்போது எட்டு செமஸ்டராக நடக்கிறது. பலகையில் 'ஸ்கூல்' என்றிருந்தால் டிப்ளமோ, 'காலேஜ்' என்றிருந்தால் பட்டம் என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். பட்டத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலமும் படித்து 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி டிப்ளமோவுக்கு 40 சதவீதம் போதும், எந்தப் பிரிவில் படித்தவரும் சேரலாம். அரசு இடங்களுக்கான நிபந்தனை தனி. அதை அந்த ஆண்டின் விண்ணப்பக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாக ஒன்று மின்சார ரயில் பெட்டிக்குள் ஒட்டப்பட்டிருக்கும். 'ஆறே மாதத்தில் நர்சிங், நூறு சதவீத வேலை.' அது நர்சிங் உதவியாளர் பயிற்சி. அதைப் படித்தவர் நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள முடியாது. அந்த வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் நர்ஸ் படிப்பு என்று சொல்லிப் பணம் வாங்குவது ஏமாற்று. தாம்பரத்திலிருந்து கடற்கரை போவதற்குள் இப்படி மூன்று விளம்பரமாவது கண்ணில் படும்.

மருத்துவமனைக்குள் பள்ளி நடத்துவது புதிய ஏற்பாடும் இல்லை. சென்னை சென்ட்ரல் எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரியில் 1871இல் நர்சிங் பள்ளி தொடங்கியதை எங்கள் பாடப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கினார். நர்சிங் பட்டப்படிப்பு இந்தியாவுக்கு வந்தது 1946இல்தான். அதுவரை இந்த நாட்டு நர்ஸ்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிப் பள்ளியில் உருவானவர்கள்.

அங்கீகாரத்தை நீங்களே சரிபாருங்கள்

சேர்க்கை அலுவலகத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழை நம்ப வேண்டாம். அது எந்த ஆண்டுக்கு உரியது என்று எட்டிப் பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் மாநில வாரியாகப் பட்டியல் இருக்கிறது. பள்ளியின் பெயர், இடங்களின் எண்ணிக்கை இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு, அலுவலகம் மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில். படிப்பு முடிந்ததும் உங்கள் மகள் பதிவு எண் வாங்கப்போவது இங்கேதான். ஆகவே இங்கே இல்லாத பள்ளி உங்களுக்கு வேண்டாம். பட்டப்படிப்பு என்றால் கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பையும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்தால் அதன் தகுதியையும் பாருங்கள்.

அனுமதி 40 இடத்துக்கு இருக்கும்போது 55 பேரைச் சேர்த்துக்கொண்டால், மிஞ்சிய 15 பேரின் கதி தேர்வு நேரத்தில்தான் தெரியவரும். அதனால் உங்கள் எண் அனுமதித்த இடத்துக்குள் வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். முகம் சுளித்தால் அதுவே பதில்.

படுக்கைக் கணக்கு

பலரும் கட்டடத்தைப் பார்க்கிறார்கள், நான் படுக்கையை எண்ணச் சொல்கிறேன். விதிப்படி பள்ளிக்குச் சொந்தமாக நூறு படுக்கை மருத்துவமனை இருக்க வேண்டும். படுக்கைகளில் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் வீதம் கிடைக்க வேண்டும்.

இதை ஒரு பள்ளிக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆண்டுக்கு 40 பேர், மூன்று ஆண்டுக்கு 120 பேர். நூறு படுக்கையில் 75 நோயாளிகள். மூவருக்கு ஒருவர் என்றால் 25 மாணவிகளுக்குத்தான் அங்கே கற்க இடம். பாதிப் பேர் வகுப்பில் இருந்தாலும் அறுபது பேர் வார்டில் நிற்பார்கள். மிச்ச 35 பேர் எங்கே போவார்கள்? நேர்மையான பள்ளி இதற்கு உடனே பதில் சொல்லும்: எந்தெந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம், எத்தனை வாரம், எந்த பஸ்ஸில் அழைத்துப்போவார்கள் என்று. "எங்களிடம் எல்லா வசதியும் இருக்கிறது" என்று மட்டும் சொல்கிற பள்ளியில், ஒரு நோயாளிக்கு பி.பி. பார்க்க ஐந்து மாணவிகள் சுற்றி நிற்பார்கள். அந்த ஐந்தாவது பெண்ணாக உங்கள் மகள் மூன்று வருடம் நிற்கக் கூடாது.

இரண்டாவது கணக்கு, எந்த வகை நோயாளிகள் என்பது. இதய அறுவை சிகிச்சைக்கோ கண்ணுக்கோ பெயர் போன மருத்துவமனை என்றால், அந்தத் துறையில் உங்கள் மகள் கெட்டிக்காரியாவாள். ஆனால் பாடத்திட்டம் குழந்தை, பிரசவம், மனநலம், சமூக சுகாதாரம் எல்லாவற்றையும் கேட்கிறது. மனநல போஸ்டிங்குக்கு, அதாவது அந்தத் துறையின் வார்டுப் பயிற்சிக்கு, சென்னை மாணவிகள் பெரும்பாலும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத்தான் வருவார்கள். குழந்தைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது.

பிரசவம்தான் நிஜமான சோதனை. டிப்ளமோ மாணவி இத்தனை சுகப்பிரசவங்களைத் தன் கையால் பார்த்தாள் என்று கேஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் ஏறத்தாழ 64 சதவீதம் சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். ஆக, தனியார் மருத்துவமனையின் பிரசவ அறையில் சுகப்பிரசவமே குறைவு. அந்தக் குறைவிலும், பணம் கட்டி வந்த குடும்பம் மாணவியின் கை படக் கூடாது என்று சொல்லிவிடும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இதனால்தான் கேட்கச் சொல்கிறேன், பிரசவ போஸ்டிங் எந்த அரசு மருத்துவமனையில் என்று. இதற்கு விடையில்லாத பள்ளியில் கேஸ் புத்தகம் எப்படி நிரம்பும் என்று எனக்குத் தெரியும், நீங்களும் ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் காலை அங்கே போங்கள்

போன வருடம் என் நாத்தனார் மகளோடு ஒரே வாரத்தில் இரண்டு இடங்கள் பார்த்தேன். இரண்டுமே தனியார். முதலாவது பழைய கட்டடம், படிக்கட்டில் பினாயில் வாசனை. ஏழு மணிக்கு இரவு டியூட்டி சிஸ்டர் படுக்கை படுக்கையாக நகர்ந்து, காலை டியூட்டிக்கு வந்தவரிடம் நோயாளிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தார். பின்னால் மூன்று மாணவிகள், கையில் சின்ன நோட்டு. ஆறாவது படுக்கையில் சிஸ்டர் நின்று ஒரு மாணவியிடம், "இந்த வடிகுழாய்ப் பையில் நேற்றைக்கு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு?" என்று கேட்டார். அந்தப் பெண் குனிந்து அளவைப் படித்துச் சொன்னாள். "ஏன் குறைந்தது?" என்று அடுத்த கேள்வி. அவளுக்குத் தெரியவில்லை. சிஸ்டர் திட்டவில்லை, குழாய் எங்கே மடங்கியிருக்கிறது என்று போர்வையை விலக்கிக் காட்டினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டாவது இடத்தில் கண்ணாடிச் சுவர், மின்தூக்கியில் மெல்லிசை. நாங்கள் தரைத்தளத்தில் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில் ஒரே மாணவி நான்கு முறை எங்களைக் கடந்து போனாள். கையில் கோப்புகள். வார்டிலிருந்து பில் கவுண்டருக்கு, கவுண்டரிலிருந்து மருந்தகத்துக்கு, மருந்தகத்திலிருந்து மறுபடி மேலே. நான்காவது முறை நிறுத்தி, "எந்த வருஷம்மா?" என்று கேட்டேன். "மூணாவது வருஷம் ஆன்ட்டி" என்று ஓடிக்கொண்டே சொன்னாள். நாத்தனார் மகள் என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் வார்டுக்குள் போக வேண்டாம், விடவும் மாட்டார்கள். வரவேற்பறை, நடைபாதை, கேன்டீன் போதும். கேன்டீனில் சீருடையோடு டீ குடிக்கும் இரண்டாம் ஆண்டுப் பெண்ணிடம் பேச்சுக் கொடுங்கள். முதலாம் ஆண்டுப் பெண்ணுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, மூன்றாம் ஆண்டுப் பெண்ணுக்குச் சான்றிதழ் பயம். கேட்க வேண்டியவை: இரவு டியூட்டியில் கூட யார் இருப்பார்கள், டியூட்டர் வார்டுக்கு வருவாரா, வாரம் எத்தனை மணி நேரம். பாடத்திட்டக் கணக்கு வாரத்துக்கு நாற்பது மணி நேரத்தை ஒட்டியது, கடைசி இன்டர்ன்ஷிப் பகுதியில் கூடும். டியூட்டர் பத்து மாணவிக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பெண் சிரித்தால் எந்த இடத்தில் சிரிக்கிறாள் என்று கவனியுங்கள்.

நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது

நான் படித்ததும் ஆஸ்பத்திரிப் பள்ளிதான். பெயர் சொல்லப்போவதில்லை. விடுதி மூன்றாம் மாடி, வார்டு முதல் மாடி. அந்த நெருக்கம் கொடுத்ததை எந்த வகுப்பறையும் கொடுத்திருக்காது. வென்ஃப்ளான், அதாவது ரத்தக் குழாயில் ஏற்றும் சின்ன ஊசிக்குழாய், போடக் கற்றுக்கொண்ட நாள் நினைவிருக்கிறது. வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு பாட்டி, ரத்தக் குழாயே தெரியாத கை. நான் விளக்கைத் திருப்பித் திருப்பிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற சீனியர் சிஸ்டர் என் விரலை எடுத்துப் பாட்டியின் முழங்கை மடிப்பில் வைத்தார். "கண்ணால் தேடாதே, விரலால் தேடு. அழுத்தினால் துள்ளும் பார்." துள்ளியது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் கை பார்த்துவிட்டேன், இன்றும் முதலில் விரலைத்தான் வைக்கிறேன். வெறும் காலேஜ் மட்டும் இருந்து, வாரம் மூன்று நாள் பஸ்ஸில் போய்ப் பிறத்தியார் ஆஸ்பத்திரியில் விருந்தாளியாக நிற்கும் மாணவிக்கு இப்படி ஒரு சிஸ்டர் கிடைப்பது கடினம். அவள் பெயர்கூட அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

அதே நெருக்கம்தான் எங்களை விழுங்கவும் செய்தது. இரண்டாம் ஆண்டில் ஆண்கள் மெடிக்கல் வார்டில் தொடர்ந்து இரண்டு வாரம் இரவு டியூட்டி. முப்பத்துநான்கு நோயாளிகள், ஒரு ஸ்டாஃப் நர்ஸ், இரண்டு மாணவிகள். ஸ்டாஃப் லீவு போட்ட இரவில் கீழ்மாடி சிஸ்டர் 'எட்டிப் பார்ப்பார்'. காலை எட்டுக்கு இறங்கி, ஒன்பது மணிக்கு மருந்தியல் வகுப்பு. கண்ணைத் திறந்துகொண்டே தூங்க நான் அங்கேதான் கற்றேன். அந்த ஆண்டு மருந்தியலில் எனக்கு அரியர். யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆள் பற்றாக்குறை, நாங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தோம். மாணவியை நர்ஸ் கணக்கில் சேர்த்து டியூட்டி அட்டவணை போடும் இடம் எது, சேர்க்காத இடம் எது என்பதுதான் ஆஸ்பத்திரிப் பள்ளிகளுக்குள் இருக்கும் பெரிய வேறுபாடு. கட்டணம்கூட அதற்குப் பிறகுதான்.

பணமும் பத்திரமும்

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாக. சொல்லும் தொகையைக் கேட்டுவிட்டு, சொல்லாத தொகையைக் கேளுங்கள்: விடுதி, மெஸ், சீருடை, தேர்வுக் கட்டணம், வெளி மருத்துவமனை போஸ்டிங் கட்டணம், கல்விச் சுற்றுலா, திரும்ப வரும் என்று சொல்லப்படும் வைப்புத்தொகை. எல்லாவற்றையும் ஒரே தாளில் மூன்று வருடத்துக்கும் எழுதி வாங்குங்கள். அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு வங்கிக் கல்விக் கடன் உண்டு, நான்கு லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும், டிப்ளமோவுக்கும் உண்டு. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன்.

பத்திரம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பல தனியார் மருத்துவமனைகள் படிப்பு முடிந்ததும் ஓராண்டோ இரண்டாண்டோ தங்களிடம் வேலை செய்ய வேண்டும் என்று எழுதி வாங்குகின்றன. பதினேழு வயதுப் பெண்ணின் அப்பா சேர்க்கை நாளில், விண்ணப்பத்தோடு விண்ணப்பமாக அதிலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் ஓர் இரவு வைத்திருங்கள். சம்பளம் எவ்வளவு என்று அதில் இருக்கிறதா? நடுவில் போனால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு? கல்யாணம், உடல்நலம், அரசு வேலை வந்தால் விலக்கு உண்டா? இந்த மூன்றும் இல்லாத பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் தோழி ஒருத்திக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தும், அவள் படித்த பள்ளி அசல் சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொண்டதால் போக முடியவில்லை. ஆகவே அசல் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எதைக் கொடுத்தாலும் முத்திரையோடு ரசீது வாங்குங்கள். நான்கைந்து சான்றொப்பமிட்ட நகல்களை வீட்டில் வையுங்கள்.

'அங்கேயே வேலை' என்பதை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். தனியார் நர்ஸ்களின் சம்பளம் பற்றி 2016இல் உச்ச நீதிமன்றம் ஆராயச் சொன்னது. அதற்காக அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது, இருநூறு படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் சம்பளத்துக்கு நிகராக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான். பத்திரத்தில் எழுதியிருக்கும் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டிப்ளமோவா, பட்டமா?

மதிப்பெண் இருந்தால் முதலில் அரசு பி.எஸ்சி. இடத்துக்கு விண்ணப்பியுங்கள். கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடத்துகிறது. அடுத்தது அரசு டிப்ளமோ. பெரியாஸ்பத்திரி, ஸ்டான்லி போன்ற இடங்களில் நோயாளிக்குப் பஞ்சமே இல்லை. நெரிசல் உண்டு, விடுதிச் சாப்பாடு பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது, ஆனால் மூன்று ஆண்டில் கை பழகிவிடும். அதற்குப் பிறகுதான் தனியார்.

டிப்ளமோ முடித்தவர் பிறகு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம். மொத்தம் ஐந்து ஆண்டு ஆகும், நேரடிப் பட்டத்தைவிட ஒன்று கூடுதல். நடுவில் சம்பாதிக்கலாம் என்பது லாபம். வீட்டில் அடுத்து இரண்டு தங்கைகள் இருக்கும் பெண்ணுக்கு அந்த லாபம் பெரியது, அவளிடம் நான்கு ஆண்டுப் பட்டம்தான் உயர்ந்தது என்று நான் வாதாட மாட்டேன். தமிழ்நாட்டின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தில் டிப்ளமோவும் செல்லும். எய்ம்ஸ் நர்சிங் அலுவலர் தேர்வில் வித்தியாசம் இருக்கிறது: பட்டதாரி நேரே எழுதலாம், டிப்ளமோக்காரருக்கு ஐம்பது படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். வெளிநாட்டுக்கு முயல்பவர்களிடமும் எத்தனை படுக்கை மருத்துவமனை என்று கேட்பார்கள். ஆகவே சிறிய நர்சிங் ஹோமில் பத்திரத்தைக் கழிக்கும் இரண்டு ஆண்டு சில இடங்களில் கணக்கிலேயே வராமல் போகலாம்.

சேர்வது என்று முடிவானால்

விநாடி முள் உள்ள கடிகாரம் வாங்குங்கள், நாடித்துடிப்பு எண்ண அதுதான் வசதி. மணிக்கட்டில் கட்ட விடமாட்டார்கள், சட்டையில் குத்திக்கொள்ளும் வகையாகப் பார்க்கவும். செருப்பில் சிக்கனம் வேண்டாம். விடுதி இல்லாமல் வீட்டிலிருந்து போவதானால், காலை ஆறரைக்கு உங்கள் நிறுத்தத்தில் பஸ் வருகிறதா என்று ஒரு திங்கட்கிழமை நின்று பாருங்கள். மதியம் ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத் திரும்பும் வழியையும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. தவறுதலாகக் கையில் ஊசி குத்திக்கொள்ளாத நர்சிங் மாணவியை நான் பார்த்ததில்லை. மூன்று தவணை, முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், மூன்றாவது ஊசிக்கு முன்பே வார்டில் நிற்க வேண்டிவரும். கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் இந்த விடுமுறையிலேயே முதல் தவணையைப் போட்டு, அட்டையைச் சான்றிதழ்களோடு சேர்த்து வையுங்கள்.